ஆளுக்கொரு பூதம்

முல்லை அடுக்ககத்தின் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே இருந்த இருபத்திரண்டு படிகள், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியும்போது ஏழு அறைகளாகவும் ஒன்பது கதவுகளாகவும் ஆகிப்போய், முதல் அறையில் ஒரு களிமண் பூதமும் மூன்றாம் அறையில் ஒரு மூன்று தலை நாயும் கடைசி அறையில் கேள்வி கேட்கிற ஒரு முனியும் வந்து உட்கார்ந்திருந்தபோது, குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்த முதல் செய்தி, பால் பாக்கெட் இன்னும் வரவில்லை என்பதுதான். இரண்டாவது செய்தி, படிக்கட்டில் நாய் வளர்ப்பது சங்க விதிகளுக்குப் புறம்பானது என்பது. மூன்றாவது செய்தியில் கலாவதி என்ற என் பெயரும் என் வீட்டு எண்ணும் ஓர் ஆச்சரியக்குறியும் மட்டும் இருந்தன.

இது எப்படி நடந்தது என்று யாரும் கேட்கவில்லை, யாரால் நடந்தது என்றுதான் கேட்டார்கள். எங்கள் சிங்காநல்லூரில் இந்தக் குடியிருப்பில் தண்ணீர் வராவிட்டாலும் கரண்ட் போனாலும் கேட்பது அதைத்தான். இந்த முறை பதில் சுலபமாகக் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சனிக்கிழமை மத்தியானங்களில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நாங்கள் நாலு பேர் உட்கார்ந்து ஒரு விளையாட்டு விளையாடுவோம். நான் கதை சொல்பவள். என் தங்கை சுகந்தி மந்திரக்காரி, எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தாசில்தார் வரதராஜன் திருடன், எங்கள் மாடியில் வீட்டுவேலை செய்யும் மாராத்தாள் இளவரசன். மூன்று பேரும் ஒரு நிலவறைக்குள் இறங்குவார்கள், அறைக்கு அறை எதிர்ப்படுவதோடு மோதுவார்கள், ஜெயித்தார்களா தோற்றார்களா என்பதைப் பகடை சொல்லும். அந்த நிலவறையையும் நான் யோசித்துக் கட்டுவதில்லை. அறையின் வடிவத்துக்கு ஒரு உருட்டல், கதவுக்கு ஒரு உருட்டல், உள்ளே காத்திருப்பது யார் என்பதற்கு ஒரு உருட்டல் என்று எல்லாவற்றையும் பகடையிடமே விட்டுவிட்டு, விழுந்ததை ஒரு நீள நோட்டில் எழுதிக்கொள்வேன். நோட்டு மில்லில் இருந்து வந்தது. பத்தொன்பது வருஷமாக ஒரு நூல் மில்லின் சோதனைக் கூடத்தில் வேலை எனக்கு. நூலை மாட்டி, எடையை ஏற்றி, எந்த எடையில் அறுகிறது என்று பார்த்து எழுதுவதற்கான நோட்டு அது. பலம், சராசரி, ஏற்ற இறக்கம் என்று கட்டங்கள் அதில் ஏற்கெனவே அச்சாகி இருக்கும். ஒரு சனிக்கிழமை உருட்டி முடித்ததும் கரண்ட் போக, ஃபியூஸ் பார்க்க இறங்கியவள் நோட்டைப் படிக்கட்டுத் திருப்பத்தில் வைத்துவிட்டு மறந்தேன். இதற்கு மேல் எனக்கும் ஒன்றும் தெரியாது, சத்தியமாக.

படியிறங்கப் போய்ப் பூதத்திடம் தோற்றவர்கள் சாகவில்லை. அடுத்த நொடியே தங்கள் வீட்டு வாசலில் ஒற்றைச் செருப்போடு நிற்பார்கள். இன்னொரு செருப்பைப் படிக்கட்டு வைத்துக்கொள்ளும். மறுநாள் காலைவரை மறுபடி இறங்க முடியாது. ஜெயித்தவர்கள் அன்றைக்கு ஆபீஸ் போகலாம். லிஃப்டுக்கென்று விட்ட குழியில் கட்டிடம் கட்டின நாளிலிருந்து பழைய சைக்கிள்கள்தான் கிடக்கின்றன, ஆகையால் வேறு வழியும் இல்லை. நாலாம் மாடியில் குடியிருக்கும் சங்கச் செயலாளர் நாச்சிமுத்து ஜன்னல் வழியாகக் கயிறு கட்டி இறங்கிப் பார்த்தார். சரசரவென்று இறங்கித் தன் வீட்டுச் சமையலறைக்குள்ளேயே வந்து நின்றார். ஆனால் கூடையில் பொருள்கள் ஏறின, இறங்கின. எனவே ஒவ்வொரு பால்கனியிலும் ஒரு கயிறும் ஒரு கூடையும் தொங்க, பாலும் கீரையும் பேப்பரும் கூரியரும் ஆகாய மார்க்கமாக வந்துபோக, ஒரே வாரத்தில் எங்கள் ஜனங்கள் இதற்குப் பழகிவிட்டார்கள். பூதங்களுக்குத் தின்பண்டம் கொடுக்கக் கூடாது என்று சங்கம் சுற்றறிக்கை விட்டது. கேஸ் சிலிண்டரைப் பூதத்தின் தலையில் ஏற்றிவிட்டவர்களுக்குக் கண்டனமும் தெரிவித்தது. தாசில்தார் கடைசி அறை முனியிடம் போய், அது கேள்வி கேட்க வாயெடுப்பதற்கு முன்பே, "இந்த எடத்துக்குப் பட்டா இருக்கா?" என்று கேட்க, பதில் சொல்லத் தெரியாத முனி இரண்டு நாள் யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருந்தது.

அவர்கள் பழகிக்கொண்டார்கள், சரி. என்னை யாராவது நிம்மதியாக விட்டார்களா? சனிக்கிழமை நான் உருட்டுவதுதான் ஞாயிறு முதல் ஒரு வாரத்துக்குப் படிக்கட்டு. உருட்டவே மாட்டேன் என்று ஒரு வாரம் முறுக்கிக்கொண்டு இருந்து பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை படியிருந்த இடத்தில் வெறும் சுவர். எட்டு வீட்டுக்காரர்களும் என் வாசலில் கூடிக் கத்தினார்கள். உருட்டினாலும் கத்தினார்கள். ஒரு வாரம் முதல் அறையிலேயே ஒன்பது பூதங்கள் விழுந்து ஒருத்தரும் இறங்கவில்லை; அடுத்த வாரம் ஏழு அறையிலும் சேர்த்து ஒரே ஒரு பல்லி.

"ஏனுங் கலாவதி, ஒரு வாரம் அய்யோன்னு கத்த விடறீங், ஒரு வாரம் கொட்டாவி விட வெக்கறீங். நடுவால ஒண்ணு இல்லீங்களா?" என்று நாச்சிமுத்து கேட்டார்.

"பகடைங்க அது. நானா போடறேன்?"

"உருட்டறது உங்க கைதானுங்களே?"

சரி என்று நடுவால ஒன்றைத் தேடினேன். ஒற்றைப் பகடை உருட்டினால் ஒன்று விழவும் ஆறு விழவும் ஒரே வாய்ப்பு. இரண்டைச் சேர்த்து உருட்டினால் ஆறும் ஏழும் எட்டும்தான் அடிக்கடி வரும், இரண்டும் பன்னிரண்டும் எப்போதாவது வரும். ஆகவே இரண்டு பகடைக்கு மாறி, ஒன்பது பூதத்தைப் பன்னிரண்டில் வைத்து, பல்லியை இரண்டில் வைத்தேன். ஒரு வாரம் நிம்மதி. அப்புறம் ஜனங்கள் பத்துப் பத்துப் பேராகச் சேர்ந்து இறங்க ஆரம்பித்தார்கள். நாய்க்கு மூன்று தலை இருந்து என்ன செய்ய? அது ஒரு முறை கடிப்பதற்குள் பத்துப் பேரும் ஆளுக்கொரு அடி போட்டுவிடுவார்கள். எவ்வளவு பெரிய பூதம் என்பது முக்கியமே இல்லை, எந்தப் பக்கம் எத்தனை கை என்பதுதான் முக்கியம் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. நாய் பாவம், மூன்று வாயிலும் ஊளையிட்டுக்கொண்டு மூலையில் ஒண்டியது. இது போராட்டமா, கும்பல் அடியா என்று தாசில்தாரே வருத்தப்பட்டார். அதனால் நோட்டில் சிவப்பு மையால் ஒரு விதி எழுதினேன்: இறங்குகிற ஆள் ஒன்றுக்கு எதிரே பூதம் ஒன்று.

பூதத்தின் பலம் எவ்வளவு என்று அடுத்த கேள்வி. மேல் மாடிக்காரர்கள், வேலைக்கு வருகிறவர்கள் எல்லாருடைய பலத்தையும் எழுதி, கூட்டி, வகுத்து, சராசரியைப் பூதத்துக்குக் கொடுத்துவிடுங்கள், யாருக்கும் மனத்தாங்கல் வராது என்று பொதுக்குழுவில் தீர்மானம் போட்டார்கள். வராதாமே! நான் வீடு வீடாக யோசித்து, ஒன்றிலிருந்து இருபதுவரை எண் போட்டு, பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். மாராத்தாளுக்குப் பதினெட்டு, நாச்சிமுத்துவுக்குப் பதினைந்து, எனக்கு ஏழு, தாசில்தாருக்கு ஆறு. சராசரி பதினொன்று. தனக்கு ஏன் ஒன்பது, அந்த வீட்டுக்காரருக்கு ஏன் பத்து என்று கேட்டு ஒரு வாரம் என் வாசல் மணி ஓயவில்லை. மாராத்தாள் ஒருத்திதான் பட்டியலைப் பார்த்துச் சிரித்தாள். "அந்த மண்ணாங்கட்டிப் பூதத்து மேல ரெண்டு வாளி தண்ணி ஊத்துனா கரைஞ்சு போவுதுங்க்கா. இதுக்குப் போயி நம்பரு போட்டு ஒட்டீருக்கறீங்."

சுகந்திக்கு நான் போட்ட எண் இரண்டு. அவள் பட்டியலைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

சின்ன வயதில் வந்த காய்ச்சலில் சுகந்திக்கு இடது கால் சூம்பிவிட்டது. உயரமான அடி வைத்த செருப்பும் ஒரு கைத்தடியும் உண்டு. முப்பத்தாறு வயது. ஆறு முறை அரசுத் தேர்வு எழுதி, ஐந்து முறை இரண்டு மார்க்கிலும் மூன்று மார்க்கிலும் தவறவிட்டு, ஆறாவது முறையில் தேறி, காத்திருந்து, கடைசியில் அந்த மாதம் ஆறாம் தேதி பணி நியமன ஆணை முருங்கைக்காயோடு சேர்ந்து கூடையில் மேலே வந்தது. இளநிலை உதவியாளர். பதினெட்டாம் தேதி காலை பத்து மணிக்குள் நேரில் வந்து சேராவிட்டால் நியமனம் ரத்து. அவள் அதை மூன்று முறை படித்துவிட்டு, என் கன்னத்தைக் கிள்ளினாள். கிள்ளிய கையோடு, ஏழாம் தேதி காலையில் இறங்கப் போனாள். கதவைச் சாத்தி நான் திரும்புவதற்குள் வாசலில் நின்றாள்.

எட்டாம் தேதியும் அப்படியே. ஒன்பதாம் தேதியும். அளவெடுத்துத் தைத்த செருப்பைப் படிக்கட்டு பிடுங்கிக்கொண்டால் வேறு கிடைக்காது என்று அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு போனாள். இரண்டு பலத்தோடு பதினொன்றின் முன்னால் போய் நின்றால் என்ன நடக்கும்? அலுவலகத்துக்குப் போன் போட்டு அவகாசம் கேட்டோம். "பிரசவம், ஆஸ்பத்திரி ரெண்டுக்கும் ரூல் இருக்குதுங்க மேடம். படிக்கட்டுக்கு இல்லீங்க," என்று ஒருவர் மரியாதையாகச் சொல்லிவிட்டு வைத்தார்.

பத்தாம் தேதி மாராத்தாள் அவளைக் கூட்டிக்கொண்டு இறங்கினாள். பதினெட்டும் இரண்டும் இருபது. எதிரே இரண்டு பூதம், இருபத்திரண்டு. ஐந்தாம் அறைவரை போய்த் தோற்றார்கள். மாராத்தாள் முதன்முறையாக ஒரு செருப்பை இழந்தாள். இன்னொருவர் சேர்ந்தால் போதும். நாச்சிமுத்துவின் பதினைந்தையும் போட்டால் முப்பத்தைந்து, எதிரே முப்பத்து மூன்று. நான் நோட்டை எடுத்துக்கொண்டு நாலாம் மாடிக்கு ஓடினேன்.

"ரெண்டுதானுங்களே மிச்சம் வருது," என்றார் நாச்சிமுத்து, என் நோட்டை என் கையிலிருந்தே படித்து. "பகடை கொஞ்சம் ஏறுக்கு மாறா விழுந்துச்சுன்னா மூணு பேரும் வாசல்ல நிப்போம். எனக்குப் பதினெட்டாந் தேதி வரைக்கும் டெய்லி ஆடிட்டிங் இருக்குதுங். நானும் மாராத்தாளும் மட்டும் எறங்குனா பதினொண்ணு மிச்சமுங். தப்பா எடுத்துக்காதீங்."

மழைக்காலத்தில் படி வழுக்கினால் சுகந்தி இறங்கும்வரை கை கொடுத்துக் கூட வருகிற மனிதர் இவர். கெட்டவர் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தார், நான் கற்றுக்கொடுத்த கணக்கு. மற்ற வீடுகளிலும் இதையேதான் சொன்னார்கள், காபி கொடுத்துச் சொன்னார்கள். சுகந்தி கூட வந்தால் ஒன்பது நஷ்டம், மாராத்தாள் வந்தால் ஏழு லாபம். எல்லாருக்கும் நியாயம் செய்கிறேன் பேர்வழி என்று நான் எழுதிய ஒரு வரி, என் தங்கையை யாரும் கூட அழைத்துப் போக விரும்பாத ஆளாக ஆக்கி வைத்திருந்தது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

பதினைந்தாம் தேதி சனிக்கிழமை, உருட்டி விழுந்ததை எழுதும்போது, பூதத்தின் பலத்தைப் பதினொன்றுக்குப் பதிலாக மூன்று என்று எழுதினேன். திருட்டுத்தனம்தான். ஞாயிறு காலையில் படிக்கட்டில் பதினொன்று பலமுள்ள பூதமும் நின்றது, அதன் பக்கத்தில் மூன்று பலமுள்ள பூதமும் நின்றது. ஆள் ஒன்றுக்கு எதிரே இரண்டு பூதத்தின் கை என்றாகி, அன்றைக்கு மாராத்தாளே மேலே வர முடியாமல் எட்டு வீட்டிலும் பாத்திரம் குவிந்தது. நான் நோட்டில் இருந்த மூன்றை அடித்துவிட்டு எல்லாரிடமும் திட்டு வாங்கினேன்.

பதினேழாம் தேதி சாயங்காலம், பதினோராவது முறையாகத் தோற்றுத் திரும்பியிருந்த சுகந்தி, பால்கனியில் உட்கார்ந்து காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். நான் நோட்டைக் கொண்டுபோய் அவள் எதிரில் விரித்தேன். இதற்குமேல் எனக்கு வழி தெரியவில்லை.

"உன்ற பேருக்கு நேரா இருபதுன்னு போட்டுடறேன். என்ன ஆனாலும் ஆகட்டும்."

"ரெண்டு போட்டதும் நீதான். இருபது போடறதும் நீதான்," என்றாள்.

"அப்ப என்ன பண்ணச் சொல்றே?"

"மில்லுல ஒரு நூலு வந்தா என்ன பண்ணுவே? பாத்த ஒடனே நம்பரு எழுதீருவியா?"

"மாட்டிப் பாப்பேன். அறுகற வரைக்கும் பாப்பேன்."

"என்னை எப்ப மாட்டிப் பாத்தே?"

நான் பென்சிலைக் கீழே வைத்தேன்.

"பதினோரு வருஷமா இந்தப் படியிலதான் ஏறி எறங்கறேன். டைப்பிங் கிளாசு, கோச்சிங் சென்டரு, பரிச்சை, ஆஸ்பத்திரி. ஒரு நாளு எம்பொறத்தாலயே வந்து பாத்திருக்கியா, நான் எப்புடி எறங்கறேன்னு? எந்தக் காலு மொதல்ல வெக்கறேன்னு சொல்லு பாக்கலாம்."

எனக்குத் தெரியவில்லை. பதினோரு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை. காலையில் மில் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவளைத் தாண்டி விறுவிறுவென்று இறங்கி ஓடுகிறவள் நான். நூலை மாட்டாமல் எண் எழுதினால் என் மேலதிகாரி நோட்டையே கிழித்துப் போடுவார். என் தங்கைக்கு நான் மேசையில் உட்கார்ந்தபடியே, பாசத்தோடு, இரண்டு என்று எழுதியிருந்தேன். படிக்கட்டு அதை நம்பிவிட்டது.

சுகந்தி என் பென்சில் டப்பாவிலிருந்து ரப்பரை எடுத்து, தன் பெயருக்கு நேரே இருந்த இரண்டை அவளே அழித்தாள். நிதானமாக அழித்து, துகளை ஊதி, கட்டத்தைக் காலியாக விட்டு நோட்டை மூடினாள்.

பதினெட்டாம் தேதி காலை ஆறு மணிக்குக் கிளம்பினாள். நீலப் புடவை, தோளில் பை, கையில் தடி. இந்த முறை செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டாள். நான் கூடப் போனால் ஒரு பூதம் கூடும் என்பதால் வாசலோடு நின்றேன். கதவு மூடியது. நான் அவள் திரும்பி வந்து நிற்கப் போகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிஷம் ஆயிற்று. ஐந்து நிமிஷம் ஆயிற்று. வாசல் காலியாகவே இருந்தது.

உள்ளே என்ன நடந்தது என்பதை, அப்போது கீழிருந்து மேலே வந்துகொண்டிருந்த மாராத்தாள் பிற்பாடு சொல்லித்தான் நாங்கள் அறிந்தோம். பஸ்ஸின் போர்டைப் பார்ப்பது மாதிரி, வருகிறவரின் நெற்றியைப் பார்த்து எண்ணைப் படித்த பிறகுதான் பூதங்கள் அடிக்குமாம். சுகந்தியின் நெற்றியில் எண் இல்லை. களிமண் பூதம் குனிந்து பார்த்தது, பின்னால் போய்ப் பார்த்தது, ஒன்றும் இல்லை. இவள் எவ்வளவு தாங்குவாள் என்று தெரியாமல் அடிக்க வகையில்லாததால், தெரிந்துகொள்வதற்காக அது கூடவே நடந்தது. அவள் யாரையும் அடிக்கவில்லை. பதினோரு வருஷமாகச் செய்வதைச் செய்தாள். தடியை ஊன்றி, சூம்பிய காலை முதலில் இறக்கி, நல்ல காலைப் பின்னால் இறக்கி, நின்று, மூச்சு வாங்கி, கைப்பிடியைப் பற்றி உட்கார்ந்து, எழுந்து, மறுபடி தடியை ஊன்றினாள். மற்ற பூதங்கள் எல்லாம் வேகமாக வருகிறவர்களை ஒரே வீச்சில் சாய்ப்பதற்கென்று என் பகடையில் பிறந்தவை, ஒரு அறையைக் கடக்க இருபது நிமிஷம் எடுத்துக்கொள்கிற ஆளோடு நடக்கிற பொறுமை அவற்றுக்கு இல்லை. மூன்றாம் அறையில் நாயின் மூன்று தலைகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தூங்கின. ஐந்தாம் அறையில் ஒரு பூதம் உட்கார்ந்துவிட்டது. கடைசி அறையில் முனி, "எத்தனை படி?" என்று கேட்டதாம். "இருபத்திரண்டு. பதினாலாவது படியில விளிம்பு ஒடைஞ்சிருக்கு, சங்கத்துல மூணு தடவ எழுதிக் குடுத்திருக்கேன்," என்றாளாம். முனி எழுந்து கதவைத் திறந்துவிட்டது.

எனக்கு இதெல்லாம் தெரியாது. எனக்குக் கேட்டது தடியின் டொக் டொக் சத்தம் மட்டும்தான். அது சன்னமாகி, சன்னமாகி, எட்டே முக்காலுக்கு நின்றே போனது. தோற்றிருந்தால் வாசலுக்கு வந்திருக்க வேண்டும், ஜெயித்திருந்தால் சத்தம் வந்திருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? நாச்சிமுத்து நாலாம் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னாச்சுங்?" என்றார். வாயில் வந்ததை அடக்கிக்கொண்டேன்.

"அக்கா!"

தெருவிலிருந்து வந்தது குரல். பால்கனிக்கு ஓடினேன். கேட்டுக்கு வெளியே, இரண்டு செருப்போடும், புடவை முழுக்கக் களிமண்ணோடும் சுகந்தி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் அந்தக் களிமண் பூதம், அவளுடைய கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வெயில் கூசிக் கண்ணைச் சுருக்கி நின்றது. எல்லாப் பால்கனியிலும் ஜனங்கள். யாரோ கை தட்டினார்கள், அப்புறம் நிறையப் பேர் தட்டினார்கள். கண்ணீர் என் கண்ணை மறைத்தது.

"அழுவறதெல்லாம் அப்பறம் அழுவலாம். ஆர்டர மேலயே வெச்சுட்டு வந்துட்டேன். கூடையில போடு, பஸ் வந்துரும்!"

அலமாரியைத் திறந்து, உறையைத் தேடி எடுத்து, கூடையில் வைத்து இறக்கினேன். அவசரத்தில் கூடை இரண்டாம் மாடி ஜன்னல் கம்பியில் ஒரு முறை மாட்டி விடுபட்டது. அவள் உறையைப் பிரித்து, தேதியை ஒரு முறை பார்த்து, மடித்துப் பூதத்தின் தோளில் இருந்த பைக்குள் வைத்தாள். பிறகு அண்ணாந்து என்னைப் பார்த்தாள்.

"சாயங்காலம் ஆறு மணிக்கு வருவேன்," என்றாள். "படியில எதையும் கொறைச்சு வெக்காதே."

சூம்பிய காலை முன்னால் வைத்து, பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள். அவள் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு பூதமும் பின்னால் போனது. தெரு திரும்பும்வரை, முதன்முறையாக, நான் நின்று பார்த்தேன்.